காற்றுப்பையின் பொருத்தம்

மோதுண்ட மோட்டார் வண்டியைக் கராஜிலே கொண்டுபோய் விட்டவருக்கு முதலிற் கவலை தருவது நசுங்கிய தகடு. தகட்டைத் தட்டி நிமிர்த்தலாம். அதன்மேல் வர்ணம் பூசலாம். ஆனால், மோதிய வேளையிற் சுக்கானின் நடுவிலிருந்து வெளிப்பாய்ந்து, தன் பணியை முடித்துக்கொண்டு, காற்றிழந்த துருத்திபோலத் தொங்கிக் கிடக்கும் காற்றுப்பையைத் திரும்ப மடித்து உள்ளே வைக்க எவராலும் இயலாது. அஃது ஒரே ஒரு முறை பயன்படுவதற்கென ஆக்கப்பட்ட பொருள். புதியதொன்றை வாங்க வேண்டும். அன்றேல், வேறொரு வண்டியில் விரியாமற் கிடந்த பழையதொன்றைத் தேடிப் பெறவேண்டும். புதியதன் விலையோ, வயதான வண்டியொன்றின் மொத்தப் பெறுமதியோடு வைத்துப் பார்க்கையில், உரிமையாளரைத் திகைக்க வைப்பது. ஆகவே கழிவு வண்டிகளை உடைத்து விற்கும் முற்றங்களை நோக்கி அவர் செல்கின்றார். அங்கு அவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "இஃது என் வண்டிக்குப் பொருந்துமா?"

கதவின் கைப்பிடி பொருந்துகின்றது என்றால் துளைகள் ஒத்திருக்கின்றன என்பது கருத்து. கண்ணாடி பொருந்துகின்றது என்றால் அளவு சரி என்பது கருத்து. காற்றுப்பையைப் பொறுத்தவரை அச்சொல்லினுள் வேறு பல பொருள்கள் பொதிந்து கிடக்கின்றன. அவற்றை உலகம் எழுபது ஆண்டுக் காலத்தில் ஒவ்வொன்றாக, சில வேளைகளில் உயிர்களை விலையாகக் கொடுத்தே அறிந்துகொண்டது.

1952ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து நியூபோட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜோன் ஹெற்றிக் என்பார் தம் மனைவியையும் ஏழு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு வண்டியோட்டிச் சென்றார். வீதியிற் கிடந்த பாறையொன்றிலிருந்து தப்ப முயன்றபோது வண்டி ஓரத்துப் பள்ளத்தில் இறங்கியது. அக்கணத்திலே தந்தையும் தாயும், ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, குழந்தையின் தலை முகப்புப் பலகையில் மோதாதவாறு கைகளை நீட்டித் தடுத்தனர். எவருக்கும் தீங்கில்லை. எனினும் வீடு திரும்பும் வழியெல்லாம் ஹெற்றிக்கின் மனத்தில் ஓர் எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது: அந்தக் கைகளின் வேலையைச் செய்யக்கூடிய பொருளொன்றை ஏன் வண்டியினுள் வைக்கக்கூடாது?

அவர் பொறியியல் அறிந்தவர்; போர்க்காலத்திற் கடற்படையிற் பணியாற்றியவர். 1944இல் நீர்மூழ்கிக் குண்டொன்றைப் பழுதுபார்க்கும் வேளையில், அதனுள் அடைபட்டிருந்த அமுக்கக் காற்றுத் தற்செயலாக வெளிப்பட, மேலே போர்த்தியிருந்த கன்வஸ் துணி கண்மூடித் திறப்பதற்குள் கூரைவரை எழும்பியதை அவர் கண்டிருந்தார். அந்நினைவும் நீட்டிய கைகளும் ஒன்றுசேர்ந்தன. 1952 ஓகஸ்ற் மாதத்தில் அவர் விண்ணப்பித்த காப்புரிமை, அடுத்த ஆண்டு ஓகஸ்ற் 18ஆம் நாள் வழங்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் ஜேர்மனியில் வோல்டர் லின்டரர் என்பாரும் இத்தகைய காற்று மெத்தைக்கு 1951 ஒக்டோபரில் விண்ணப்பித்து, 1953 நவம்பரிற் காப்புரிமை பெற்றார். ஒருவரையொருவர் அறியாத இருவர், எண்ணம் ஒன்று. இருவரும் இதனாற் பொருளீட்டவில்லை. மோட்டார் நிறுவனங்கள் அப்போது இதில் நாட்டங் காட்டவில்லை.

நாட்டங் காட்டாமைக்கு ஒரு நியாயமும் இருந்தது. இருவரும் நம்பியது அமுக்கக் காற்றை. மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் வண்டியொன்று சுவரில் மோதினால், உள்ளே இருப்பவரின் உடல் முன்னோக்கி வந்து சுக்கானைத் தொடுவதற்கு முன் பை நிறைந்து நிற்கவேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் விநாடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் முப்பது நாற்பது பங்கு. கண்ணிமைப்பதற்கு வேண்டிய நேரத்திலும் குறைவு. குழாய் வழியே புகும் அமுக்கக் காற்று அவ்வளவு விரைந்து பையை நிரப்பமாட்டாது. காற்றுப்பை முதன்முதலிற் பொருந்தவேண்டியிருந்தது வண்டியோடன்று, காலத்தோடு.

அப்பொருத்தத்தைத் தேடிக் கொடுத்தவர் வேறு சிலர். யப்பானிய பொறியியலாளர் யசுசபுரோ கொபோரி, 1964 முதலாக, காற்றுக்குப் பதிலாக வெடிமருந்தைக் கொண்டு பையை விரிக்கும் முறையை ஆராய்ந்தார். பதினான்கு நாடுகள் அவருக்குக் காப்புரிமை அளித்தன. ஆயினும் 1975இல் அவர் காலமானபோது அம்முறை பரவியிருக்கவில்லை. அமெரிக்காவில் அலன் பிறீட் என்பார் 1967இல் மோதலை உணரும் கருவியொன்றை அமைத்தார். சிறு குழாயொன்றினுள் காந்தத்தாற் பிடித்து வைக்கப்பட்ட உருக்குக் குண்டு. மோதலின் வேகத்தில் அது காந்தத்தின் பிடியை அறுத்துக்கொண்டு முன்னே ஓடி மின்சுற்றை இணைக்கும். இணைந்ததும் மின்பொறி சோடியம் அசைட்டு என்னும் வேதிப்பொருளைப் பற்றவைக்கும். அது சிதைந்து பெருந்தொகை நைதரசன் வாயுவை வெளிவிட, சாரதியின் முன் ஏறக்குறைய அறுபது லீற்றர் கொள்ளளவுள்ள பை விரிந்து நிற்கும். இவ்வளவு சிறிய கலத்திலிருந்து இவ்வளவு வாயு வருவது சுடுதலுக்கு நிகரான ஒரு செயலே. காற்றுப்பை என்னும் மென்மையான பெயர், அதனுள்ளே இருப்பது வெடிமருந்து என்பதைப் பலருக்கு மறைத்துவிடுகின்றது.

ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1973இல் இதனைப் பொதுமக்களின் வண்டியிற் பொருத்தியது. 1974 முதல் 1976 வரை ஏறக்குறைய பத்தாயிரம் வண்டிகளை இவ்வாறு விற்றுவிட்டுப் பின் கைவிட்டது. ஜேர்மனியின் மேர்சிடிஸ் பென்ஸ் 1980இன் இறுதியிலே தன் உயர்தர வண்டியில் இதனை அறிமுகப்படுத்தியது. இரண்டுக்குமிடையே நோக்கத்தில் ஒரு வேறுபாடு இருந்தது. அமெரிக்கர்களுட் பெரும்பாலோர் அந்நாளில் ஆசனப்பட்டி அணிவதில்லை. ஆகவே பட்டி அணியாதவரையும் காக்கும் பை அங்கே வேண்டப்பட்டது. ஜேர்மனியரோ, பட்டியை முதற் காவலாகவும் பையை அதற்குத் துணையாகவும் வைத்தனர். பட்டியின்றிப் பாய்ந்துவரும் வளர்ந்த ஆணொருவரைத் தாங்கவேண்டிய பை பெரிதாகவும் வலிதாகவும் இருக்கவேண்டும். பட்டியணிந்தவரைத் தாங்கும் பை சிறிதாக இருப்பினும் போதும். ஆகவே ஒரே மாதிரி வண்டி அமெரிக்கச் சந்தைக்கு ஒரு பையையும் ஐரோப்பியச் சந்தைக்கு வேறொரு பையையும் கொண்டிருந்ததுண்டு. பழைய பை தேடுவோர் பெரும்பாலும் எண்ணிப் பார்க்காத பொருத்தங்களுள் இதுவும் ஒன்று.

அமெரிக்க வலிமையின் விலை பின்னர் தெரியவந்தது. 1991இல் நிறைவேறிய சட்டம், 1997 செப்டெம்பர் முதல் ஆக்கப்படும் கார்கள் யாவற்றிலும் முன்புறத்து இரு ஆசனங்களுக்கும் காற்றுப்பை வேண்டும் என விதித்தது. அதற்குள்ளாகவே, சிறு மோதல்களிற்கூட, முன்னாசனத்தில் இருந்த குழந்தைகளும், சுக்கானை ஒட்டி அமரும் குறுகிய உருவத்தினரான பெண்களும் பையின் அடியாலேயே இறந்த செய்திகள் வந்தன. 1990 தொடக்கம் 2008 வரை அந்நாட்டில் இவ்வாறு இறந்தோர் 290 பேருக்கு மேல். அவர்களுட் பெரும்பாலோர் 1998க்கு முந்திய வண்டிகளில் இருந்தவர்கள். 1997இல் விதி தளர்த்தப்பட்டுப் பைகளின் வேகம் குறைக்கப்பட்டது. அதன்பின் 2003 முதல் 2006 வரை படிப்படியாக வந்த விதிகளின் பயனாக, மோதலின் கடுமைக்கும் இருப்பவரின் உடலுக்கும் ஏற்ப மெதுவாகவோ விரைவாகவோ விரியும் இருநிலைப் பைகள் எங்கும் பரவின. ஒரு மின்னிணைப்பில் இயங்கிய பைக்குப் பதிலாக இரண்டு மின்னிணைப்புள்ள பை வந்தது. வெளிமூடி ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இருப்பது வேறு.

இவை அனைத்தையும் கூறியபின் ஓர் எண்ணையும் கூறாதுவிடின் நீதியாகாது. 1987 முதல் 2017 வரை அமெரிக்காவில் முன்புறக் காற்றுப்பைகளால் உயிர் தப்பியோர் 50,457 பேர் என்பது அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிருவாகத்தின் கணிப்பு. ஹெற்றிக்கின் எண்ணம் வீணாகவில்லை. ஆனால் அது காப்பாற்றுவது, ஆக்கியோன் எண்ணிய உடலுக்கும் வண்டிக்கும் பை பொருந்தியிருக்கும்போதுதான்.

இனி, யாவற்றினும் கொடிய பொருத்தமின்மைக்கு வருவோம். யப்பானின் டகாட்டா நிறுவனம் 1933இல் ஒரு நெசவுத் தொழிலாகத் தொடங்கியது. போர்க்காலத்திற் பரசூட்டுகளுக்குக் கயிறு நெய்தது. பின் ஆசனப்பட்டியும், 1980களின் பிற்பகுதியிலிருந்து காற்றுப்பையும் ஆக்கி உலகப் புகழடைந்தது. ஏறக்குறைய 2000ஆம் ஆண்டையொட்டி, விலை மலிந்த அமோனியம் நைத்திரேற்றைத் தன் வாயுக்கலங்களில் எரிபொருளாக இடத் தொடங்கிற்று. அப்பொருள் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. வெப்பம் ஏறி இறங்கும்போது அதன் கனவளவும் மாறும். பகலில் வெயிலிலும் இரவிற் பனியிலும் ஆண்டுக்கணக்காக நின்ற வண்டிகளில் அம்மருந்து வில்லைகள் உதிர்ந்து பொடியாயின. பொடியானது வில்லையிலும் வேகமாக எரியும். எரிந்தபோது அமுக்கம் வரம்பு மீறி, வாயுக்கலத்தின் உருக்கு ஓடே சிதறித் துண்டுகளாகிச் சாரதியின் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்தது. மெத்தையாக வரவேண்டியது குண்டாக வந்தது.

ஹொண்டா நிறுவனம் 2008 நவம்பரில் முதலாவதாகச் சில ஆயிரம் வண்டிகளை மீளப் பெற்றது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தொகை பெருகி, அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 கோடியே 70 இலட்சம் வாயுக்கலங்களை எட்டியது. 2014இல் வெளிவந்த ஆரம்ப அறிவித்தல்கள் புளோரிடா, ஹவாய், போட்டோ றிக்கோ முதலிய வெப்பமும் ஈரமும் மிக்க பகுதிகளையே முதற்கண் குறித்தன என்பது வெப்பமண்டலத்தில் வாழ்வோர் மனங்கொள்ளத் தக்கது. அமெரிக்காவுக்கு வெளியே இதனால் நேர்ந்ததாக முதலில் அறிவிக்கப்பட்ட மரணமும் 2014இல் மலேசியாவிலேயே நிகழ்ந்தது. மீளப் பெறப்பட்டவற்றுள்ளும் 2001 முதல் 2003 வரையான சில ஹொண்டா வண்டிகளின் கலங்கள் மிகக் கொடியன; பை விரியுமாயின் இரண்டில் ஒன்று சிதறும் அளவுக்கு இடர் உண்டென 2016இல் அந்நாட்டு நிருவாகம் எச்சரித்தது. டகாட்டா 2017 ஜனவரியிற் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வங்குரோத்து நிலையை அறிவித்தது.

பாவித்த காற்றுப்பை பற்றிய கேள்வி இங்கேதான் வந்து பொருந்துகின்றது. 2017 மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி ஓட்டிச் சென்ற 2002ஆம் ஆண்டு ஹொண்டா அக்கோட் வண்டி மோதலொன்றிற் சிக்கியது. உயிருக்கு ஆபத்தாகக்கூடிய பெருமோதல் அன்று. ஆயினும் பை விரிந்தபோது உருக்குத் துண்டொன்று அவள் மூச்சுக்குழலைத் துளைத்தது. வைத்தியர்கள் அரும்பாடுபட்டு அவளைப் பிழைக்க வைத்தனர். ஆராய்ந்தபோது, அந்தப் பை அந்த வண்டிக்குரியதன்று என்பது தெரிந்தது. வண்டி முன்னொரு விபத்திற் சேதமுற்றுக் காப்புறுதி நிறுவனத்தாற் கழிக்கப்பட்டது. பின் எவரோ வாங்கித் திருத்தி விற்றிருந்தனர். திருத்தியபோது இடப்பட்ட பை, 2001ஆம் ஆண்டு அக்கோட் வண்டியொன்றிலிருந்து கழற்றப்பட்டது. மீளப் பெறவேண்டியவை என்று அறிவிக்கப்பட்ட மிகக் கொடிய கலங்களுள் ஒன்றைக் கொண்டது. வாங்கிய குடும்பத்தினருக்கு இவற்றுள் எதுவும் தெரியாது.

அந்தப் பை வண்டிக்குப் பொருந்தவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஒரே நிறுவனம், ஒரே மாதிரி, அடுத்தடுத்த ஆண்டு. திருகாணிகள் சரியாகப் பூட்டின, இணைப்பு ஏறியது, மோதியபோது பை விரிந்தும் காட்டியது. பிழை வேறிடத்தில் இருந்தது. மீளப் பெறும் அறிவித்தல் வண்டியின் இலக்கத்தைத் தேடிச் செல்வது. வண்டி உடைக்கப்பட்டுப் பை மட்டும் பிரிந்து வேறொரு வண்டியிற் குடியேறியதும், அந்த இலக்கத்திற்கும் அந்தப் பைக்கும் இடையிலுள்ள தொடர்பு அறுந்துவிடுகின்றது. பிந்திய வண்டியின் இலக்கத்தைக் கொண்டு எத்தனை முறை தேடினும், குற்றமில்லை என்ற விடையே வரும். பாவித்த பைகளை விற்பதையோ பொருத்துவதையோ தடுக்கும் கூட்டாட்சிச் சட்டமும் அந்நாட்டில் அப்போது இருக்கவில்லை. ஹொண்டா நிறுவனமே கழிவு முற்றங்களிலிருந்து அத்தகைய கலங்களை விலைகொடுத்து வாங்கி அகற்ற வேண்டியதாயிற்று.

இதனைக் கொண்டு பாவித்த பை யாவும் தீது எனத் தள்ளிவிடுவதும் முறையன்று. விரியாத, நனையாத, குற்றம் அறிவிக்கப்படாத பையொன்று, தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பொருளே. அதனை வாங்க அஞ்சி, மலிவான போலியொன்றை வாங்குவது அதனினும் கேடு. 2012 ஒக்டோபரில் அமெரிக்க நிருவாகம் போலிப் பைகளைச் சோதித்து, சில விரியவே இல்லை என்றும், சில உலோகத் துண்டுகளை வீசின என்றும் அறிவித்தது. 2024 ஜூலையில் மீண்டும் எச்சரித்தது. முந்திய ஒன்பது மாதங்களுள் தரங்குறைந்த மாற்று வாயுக்கலங்களால் மூவர் இறந்தனர், இருவர் வாழ்நாள் முழுவதும் மாறாத காயமுற்றனர் என்று. பையே இல்லாத வெற்றிடத்தில் கந்தையைத் திணித்து மூடி போட்டு விற்கும் கயவரும் உளர். அவர்களைப் பற்றிச் சொல்லுதற்கு ஒன்றுமில்லை.

இலங்கையில் ஓடும் கார்களுட் பெரும்பகுதி யப்பானிற் பாவிக்கப்பட்டு இங்கு வந்தவை. அவற்றிற்கு வேண்டிய உதிரிப் பாகங்களும் அவ்வாறே கப்பலேறி வந்து, பஞ்சிகாவத்தைக் கடைத்தெரு போன்ற இடங்களில் அடுக்கப்படுகின்றன. கடைக்காரர் நேர்மையானவராக இருப்பினும், தம் கையிலுள்ள பை எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதைப் பல வேளைகளில் அவரும் அறியார். ஆகவே வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டியது விலையன்று. அப்பை கழற்றப்பட்ட வண்டியின் சட்டக இலக்கம். யப்பானிய உள்நாட்டு வண்டிகளுக்கு அமெரிக்க வண்டிகளைப் போன்ற பதினேழு எழுத்து இலக்கம் இல்லை. அவற்றின் குறுகிய சட்டக இலக்கத்தை அமெரிக்கப் பதிவேட்டிலே தேடினாற் பயனில்லை. யப்பானிய நிறுவனங்களின் மீளப்பெறற் பதிவுகளிலும், இங்குள்ள முகவர் நிலையங்களிலும் விசாரித்தல் வேண்டும். இலக்கம் தர இயலாதென்றால் அந்தப் பையை அங்கேயே விட்டுவருவது நல்லது. வந்த வண்டி வெள்ளத்தில் நின்றதா என்பதும் கேட்கத் தக்கது. திருகாணித் தலைகளிலும் இணைப்பு ஊசிகளிலும் படிந்த துரு அதற்கு விடை சொல்லும்.

அடுத்து, பையின் பின்புறத்து ஒட்டியுள்ள தாளில் அச்சிட்ட பாக இலக்கம். தம் வண்டியிலிருந்து கழற்றிய பழைய பையின் இலக்கத்தோடு அஃது எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். மூடியின் நிறமும் சின்னமும் ஒத்திருப்பது சான்றாகாது. மின்னிணைப்பு ஒன்றா இரண்டா என்பதைப் பார்க்க வேண்டும். முகப்புப் பலகையிலுள்ள பயணியின் பையாயின், வலப்புறச் சுக்கான் வண்டிக்குரியதா என்பதையும் பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் பழைய மாதிரிகளில் பத்து அல்லது பதினைந்து ஆண்டுக் காலவரையறையைக் கதவோரத்து ஒட்டுத்தாளில் அச்சிட்டிருந்தன. அத்தகைய வண்டிக்குரிய பையாயின் அதன் வயதைக் கணக்கிடுதல் எளிது.

பையை மட்டும் மாற்றினால் வேலை முடிந்துவிடாது. மோதலில் ஆசனப்பட்டிகளை இறுக்கும் சிறு வெடிகளும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். சுக்கானடியிற் சுருண்டு கிடந்து மின்னை மேலே கொண்டுசெல்லும் சுருள்வடம் கருகியோ அறுந்தோ இருக்கலாம். மோதலை உணர்ந்து கட்டளையிட்ட கட்டுப்பாட்டுப் பெட்டி அம்மோதலைத் தன் நினைவிற் பதித்துக்கொண்டு, இனி எதற்கும் அசையாதிருக்கும். அதனை மாற்றும்படியே பெரும்பாலான நிறுவனங்கள் கூறுகின்றன. பூட்டுவதற்கு முன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி, அவ்வண்டிக்குரிய கைந்நூல் குறிக்கும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். கழற்றிய பையை மூடி மேனோக்கி இருக்கும்படி வைத்தல் வேண்டும். தவறி விரிந்தாலும் காற்று வெளியை நோக்கிச் செல்லும். பையின் முனைகளிற் சாதாரண மின்மானியை வைத்து அளத்தல் ஒருபோதும் கூடாது. அந்தச் சிறு மின்னோட்டமே அதனை விரிக்கப் போதுமானதாகலாம். இவை தேர்ந்த கைவினைஞரின் வேலை. வீட்டு வாசலிற் செய்வதற்குரியவை அல்ல.

வேலை முடிந்து வண்டியைப் பெறும்போது, திறப்பைத் திருப்பிக் காற்றுப்பையின் சிவப்பு விளக்கைப் பார்க்க வேண்டும். அது சில விநாடிகள் எரிந்து பின் அணைய வேண்டும். அணையாது எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ பழுது உண்டு. திறப்பைத் திருப்பிய கணத்தில் அது எரியவே இல்லையாயின், யாரோ விளக்கைக் கழற்றியிருக்கக்கூடும். முறைப்படி எரிந்து அணைந்தாலும் முழு நம்பிக்கை வைத்தற்கில்லை. பை இருக்கவேண்டிய இடத்தில் சிறு மின்தடையொன்றைச் செருகி அவ்விளக்கை ஏமாற்றுவதும் சில கராஜ்களில் நடப்பதுண்டு. ஆகவே சுக்கானின் மூடி இடப்படுமுன், பொருத்திய பையையும் அதன் பின்னுள்ள இலக்கத்தையும் நேரிற் பார்ப்பதற்கு உரிமையாளர் அங்கு இருத்தல் வேண்டும்.